கீழே போனவன்

எங்கள் மில் மேஸ்திரி. அவர் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தவர். எங்கள் பகுதித் தபால்காரர். என் மனைவியின் தம்பி. நான்.

ஐந்து பேரும் கோயமுத்தூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். சத்தியமங்கலம் வழியாக மைசூர் போனோம். திரும்பும்போது கூடலூர் வந்து ஊட்டி ஏறினோம். ஏறினோம் என்றால் பாதி தூரம் தள்ளினோம். கியர் வைத்த சைக்கிள் எல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கறுப்புச் சைக்கிள், பின்னால் கேரியர், கேரியரில் ஒரு போர்வை, ஒரு மாற்று வேட்டி.

நான் சொல்வது கடைசி நாள். ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும்.

மச்சினன் என் மனைவிக்கு ஒரே தம்பி. கிளம்பும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“கூட்டிட்டுப் போறது நீங்க. கூட்டிட்டு வர்றதும் நீங்கதான்.”

சரி என்றேன்.

ஊட்டியில் காலையில் விரல் விறைத்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியவில்லை. இட்லிக்கடைக்காரர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இந்த ஊர்ல மாவு பொங்கவே பொங்காதுங்க. எப்படித்தான் பொழைக்கறாங்களோ” என்றார்.

வழியில் கட்டபெட்டில் டீயும் பன்னும். கோத்தகிரி வரை ஒன்றும் தொந்தரவில்லை. அதைத் தாண்டினால் ஒரே இறக்கம். மேஸ்திரி எல்லாரையும் நிறுத்தினார். ரோட்டோரம் சீகை மரம் வெட்டிப் போட்டிருந்தது. அங்கே காவலுக்கு இருந்தவரிடம் கேட்டு ஆளுக்கு ஒரு கிளை வாங்கினோம். கேரியரில் கயிறு போட்டுப் பின்னால் கட்டினோம். கிளை ரோட்டில் இழுபட்டு வரும். சைக்கிள் ஓடிவிடாது. பிரேக் கட்டையும் தேயாது. மலையில் காய்கறி ஏற்றி இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று மேஸ்திரி எங்கோ கேட்டு வைத்திருந்தார்.

மச்சினன் சிரித்தான்.

“மாமா, சைக்கிளுக்கு வால் மொளச்சிருச்சு.”

“உனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்குது தம்பி. இது ரெண்டாவது” என்றார் மேஸ்திரி. “யாரும் என்னைத் தாண்டிப் போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

முதல் வளைவிலேயே அவன் தாண்டினான். மணியை அடித்துக்கொண்டே போனான்.

பிறகு மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. கிளை ரோட்டில் உரசும் சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம். மச்சினன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. முன்னால் போயிருப்பான் என்று நினைத்தேன்.

ஒரு வளைவில் தடுப்புச் சுவர் கொஞ்சம் இடிந்து கிடந்தது. அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு சீகைக் கிளை. இலையெல்லாம் தேய்ந்து குச்சியாகி இருந்தது. அதில் பாதிக் கயிறு. பச்சை நைலான் கயிறு. அவனுக்கு நான் கட்டிக் கொடுத்த முடிச்சு.

நான் இறங்கினேன். மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

எதிர்ப்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மேஸ்திரிதான் கேட்டார்.

“ஏனுங்க, சைக்கிள்ல ஒரு பையன் இந்தப் பக்கம் வந்தானுங்களா? நீலச் சட்டை.”

“வந்தாருங்க. கீழ போயிட்டாருங்க.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

“எப்பங்க?”

“அது ஆச்சுங்க அரை மணி.”

“சைக்கிளுங்க?”

“சைக்கிளோடதான் போனாரு.”

தபால்காரர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சத்தம் கித்தம் போட்டானுங்களா?” என்று இட்லிக்கடைக்காரர் கேட்டார்.

“சத்தம் எதுக்குங்க போடறாரு? சிரிச்சுட்டு, கை காட்டிட்டுத்தான் போனாரு.”

நான் அதற்கு மேல் கேட்க நிற்கவில்லை. சுவர் இடிந்த இடத்தில் இறங்கினேன். கீழே தேயிலை. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. செடி நெருக்கம். குச்சி காலைக் கிழித்தது. ஒரு செருப்பு போய்விட்டது. மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். மேலே மேஸ்திரி கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடு ஒன்று முடிந்துகொண்டிருந்தார்.

ஊரில் போய் அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தேன். ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

மேலேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“ஏனுங்க, அங்க என்னத்துக்குங்க எறங்கறீங்க? அட்டை கடிக்கும்.”

“பையனைத் தேடறோமுங்க” என்றார் மேஸ்திரி.

“பையன் அங்க எப்படிங்க இருப்பாரு?”

“நீங்கதானே சொன்னீங்க, கீழ போயிட்டான்னு.”

“ஆமாங்க, கீழ. மேட்டுப்பாளையத்துக்கு. கோஸ் லாரி ஒண்ணு டீ குடிக்க நின்னுச்சு. சைக்கிளத் தூக்கி மூட்டை மேல போட்டுட்டு ஏறிட்டாரு.”

தபால்காரர் ரோட்டிலிருந்து எழுந்தார்.

“நாங்க கீழன்னா அதானுங்க” என்றார் அந்த அம்மா. “எம் மவளையும் கீழதான் குடுத்திருக்கேன். காரமடையில.”

இட்லிக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். மேஸ்திரி முடிந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்தேன். மூச்சு விட்டால் போதும் என்று இருந்தது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.

மேலே ஏறி வந்ததும் அந்த அம்மா டீ கொடுத்தார். அந்த டீயில் சர்க்கரை அதிகம். அவ்வளவு நல்ல டீ பிறகு குடித்த ஞாபகம் இல்லை.

“தந்தியா இருந்தாலும் இப்படித் தப்பாப் படிச்சிருக்க மாட்டோம்” என்றார் தபால்காரர்.

“நீங்க எங்கய்யா படிச்சீங்க? ரோட்டுல உக்காந்துட்டீங்க” என்றார் இட்லிக்கடைக்காரர்.

மறுபடி கிளைகளைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். போகப் போகப் பனி விலகியது. கீழே சமவெளி தெரிந்தது. பாக்குத் தோப்புகள் வந்தன. வெயில் முதுகில் பட்டது. ஒற்றைச் செருப்போடு மிதித்தேன். கால் எரிந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஹோட்டல் வாசலில் அவன் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. கம்பியில் கோஸ் இலை ஒட்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தான். தலையில் மூட்டைத் தூசி.

“என்ன மாமா, இவ்வளவு நேரம்? கயிறு அறுந்துபோச்சுங்க. பிரேக் கட்டையும் தீஞ்சு போச்சு. அந்த டீக்கடை அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். சொல்லலீங்களா?”

“சொன்னாங்க தம்பி” என்றார் மேஸ்திரி. “நல்லாத்தான் சொன்னாங்க.”

அவன் என் காலைப் பார்த்தான்.

“செருப்பு எங்க மாமா?”

“கீழ போயிருச்சு” என்றேன்.

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவனுக்கு விளங்கவில்லை. அவனை அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தோளில் கை வைத்தேன். சூடாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சப்ளையர் வந்தார்.

“பில்லை ஒண்ணாச் சேத்திரலாங்களா? இவரு முன்னாலயே சாப்பிட்டுட்டாரு.”

சேர்க்கச் சொன்னேன். நாங்கள் அந்தத் தேயிலைக்குள் அவனைத் தேடிய நேரத்தில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். சப்ளையர் விரல் விட்டு எண்ணினார்.

பரோட்டா, பதினொன்று.