விபூதிப் பொட்டலத்தில் வந்த கல்

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சிறுநீரகக் கற்களோடுதான் வேலை. கல்லைப் பொடித்து, ஓர் உப்போடு சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்புக் கதிர் இயந்திரத்தில் வைப்பேன். பேனா தாளில் மேடும் பள்ளமுமாகக் கோடு இழுக்கும். அதைப் பார்த்தே இது இன்ன கல் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் லோரி ஓட்டுபவர். ஒரு சிறுநீரகத்தை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிச்சமிருந்த ஒன்றிலிருந்து விழுந்த கல்லைக் கொண்டுவந்திருந்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கோயில் விபூதிப் பொட்டலத்துக்குள் கிடந்தது.

“சாமி மேடையில வச்சிருந்தேன் மிஸ்ஸி. இந்த ஒண்ணாச்சும் அவருக்கு நிக்கணும்லா.”

“போத்தல்ல கொண்டு வரணும்னு சொல்லலையா?” என்று எரிந்து விழுந்தேன். பிறகு கல்லை வாயால் ஊதினேன். கழுவிக் காயவைத்தால் ஒருநாள் போய்விடும். ஈரம் இருந்தால் வில்லை மங்கிவிடும். எனக்கு ஏது பொறுமை? அப்படியே அரைத்தேன்.

கோட்டில் அகலமான பள்ளங்கள் விழுந்தன. நடுவே சின்னச் சின்னக் கூர்முனைகள். அவற்றைத் தூசு என்று ஒதுக்கினேன். கிருமித்தொற்றால் வந்த கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதை நம்பி மாதக்கணக்கில் கிருமிக்கு மருந்து கொடுத்தார்.

அதே நோயாளியின் இரண்டாவது கல் சுத்தமான போத்தலில் வந்தது. யூரிக் அமிலம். மருந்திலேயே கரையக்கூடிய கல். பாவி நான்! பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நான் ஒதுக்கிய கூர்முனைகள் இதிலும் அதே இடங்களில் இருந்தன. அகலப் பள்ளங்கள் மட்டும் இல்லை. அவை விபூதியுடையவை; சாம்பலின் உப்புகளும் கிருமிக்கல்லைப் போலவே அகலமாகக் கோடு போடும். அதற்குள் அந்த ஒற்றைச் சிறுநீரகமும் போய்விட்டிருந்தது.

டாக்டரிடம், “கல்லோட விபூதி கலந்திருந்துச்சு” என்றேன். பொய்யில்லை. அவர் அதையே அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

சில மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் வாசலில் அக்காவைப் பார்த்தேன். கணவர் டயாலிசிஸுக்குப் போய்வருகிறாராம். உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றார். நெற்றியில் விபூதி இல்லை.

“நான்தான் மிஸ்ஸி அவரக் கெடுத்தேன். இந்தக் கையாலதான் மடிச்சேன்.”

கழுவாமல் அரைத்தவள் நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “விடுங்கக்கா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அன்னிக்குத் திட்டுனது சரிதான்” என்றார்.