சுறா எண்ணெய் பூசிய துரைப் பெட்டி

எங்கள் வீட்டு எழுது மேஜைக்குச் சுறா எண்ணெய் நாற்றம். வாசனை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ராயபுரத்தில் பிறந்தவன் மீன் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. வெயில் ஏற ஏறத் தேக்குப் பலகையிலிருந்து கசிந்து, என் சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை வந்து, பெஞ்சில் பக்கத்துப் பையனை இரண்டு முழம் தள்ளி உட்கார வைத்த நாற்றம் அது. படிப்பில் யாரும் என்னை நெருங்க முடியவில்லை என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

சுதந்திரம் வந்த கையோடு துறைமுகத்துத் துரைகள் மூட்டை கட்டியபோது ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் 'ரைட்டர்' வேலை பார்த்த என் நைனா அங்கே ஒரு நாற்காலி எடுக்கப் போய், மாட்டு வண்டியில் இந்த மேஜையை ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்காலி கடைசிவரை வரவேயில்லை. அரிசி டின்மேல் உட்கார்ந்துதான் துரை மாதிரி எழுதினார். மேஜை மூடியிருக்கும்போது சரிந்த முகப்புள்ள பீரோவைப் போல நிற்கும். முகப்பை முன்பக்கம் இறக்கினால் அதுவே எழுதுபலகை. உள்ளே பன்னிரண்டு சின்ன அறைகள், நடுவில் ஒரு குட்டிக் கதவு, கதவின் இரு பக்கமும் மூன்று விரல் அகலத்தில் செதுக்கிய இரண்டு தூண்கள். தெரு அதற்குத் "தொரை பொட்டி" என்றும், உள்ளறைகளுக்குப் "பொறாக் கூண்டு" என்றும் பெயர் வைத்தது.

எங்கள் சந்தில் ஓட்டு வீடு எங்களுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் கோடையில் தீப்பிடித்து மழையில் ஒழுகும் குடிசைகள். அதனால் ரேஷன் கார்டு, பட்டா, கப்பலில் வேலைக்குப் போகிறவர்களின் பதிவுப் புத்தகம் எல்லாம் எங்கள் கூண்டுகளில் வந்து குடியேறின. வீட்டுக்கு ஒரு கூண்டு. எழுத்து தெரியாதவர்கள் பலர் என்பதால் ஆளுக்கொரு அடையாளம் வைத்தார்கள்: மீன்பிடிக்கும் தணிகாசலம் மாமாவுக்குச் சோழி, கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் விடும் காசிம் பாய்க்குப் பித்தளைப் பொத்தான். கூண்டில் அடையாளம் இருக்கும்வரை அவர்களுக்கு நைனாமேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காகிதங்களைக் கறையான் அரித்துவிடப்போகிறது என்று கவலைப்பட்டவர் தணிகாசலம் மாமா. படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயையும் குங்கிலியத்தையும் காய்ச்சி எடுத்துவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையின் உள்ளும் புறமும் அப்பிவிட்டார். "போட்டுக்குப் பூசினா கடலே உள்ள வராது ரைட்டரண்ணே, கறையான் எந்த மூலைக்கு?" என்றார். நைனாவும் தலையாட்டினார். இங்கிலீஷ் மேஜைக்குப் படகு வைத்தியம் பார்க்க எங்கள் ஊரை விட்டால் ஆளில்லை.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இடது தூணை முன்னால் இழுத்தால் அது தூணே அல்ல, ஒடுக்கமான ஓர் இழுப்பறை. அதற்குள் என் பரீட்சை ரிப்போர்ட் ஒளிந்திருந்தது. அதில் நைனாவின் கையெழுத்தை நானே போட்டிருந்தேன்; கணக்கில் மார்க் வாங்க உழைத்ததைவிடக் கையெழுத்துக்கு அதிகமாகவே உழைத்திருந்தேன்.

எண்ணெய் பூசி மூன்றாம் நாள் சாயங்காலம், காசிம் பாயின் கப்பல் புத்தகத்தைக் கூண்டிலிருந்து எடுத்து, ஊர் ஊராகக் குத்திய முத்திரைகளை எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நைனாவின் செருப்புச் சத்தம். கை தானாகப் புத்தகத்தைத் தூணுக்குள் திணித்து மூடியது. அப்புறம் இழுத்தேன், வரவில்லை. பிசின் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காசிம் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ரைட்டரே, கப்பலுக்கு ஆளு எடுக்கறாங்கோ. பத்து மணிக்குள்ள புக்கோட போய் நிக்கணும். எட்டு மாசமா கரையிலயே குந்திகினு கீறேன்."

நைனா சிரித்துக்கொண்டே முகப்பை இறக்கினார். பொத்தான் இருந்தது, புத்தகம் இல்லை. அடுத்த கூண்டு, அதற்கடுத்தது, பன்னிரண்டும் காலி செய்தாயிற்று. சிரிப்பு எந்தக் கூண்டில் காணாமல் போனதென்று தெரியவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்தது; தணிகாசலம் மாமாவும் வந்துவிட்டார். "எங்க காயிதம்லாம் கீதா, பாரு" என்று ஒரு பெண்குரல். நான் சுவரில் பல்லியாக ஒட்டி நின்றேன். சொன்னால் ரிப்போர்ட் வெளியே வரும். சொல்லாவிட்டால் கப்பல் போய்விடும். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கப்பலைவிட ரிப்போர்ட்தான் பெரிதாகத் தெரிந்தது.

"டேய், நீ பாத்தியா?" என்றார் நைனா.

"தெரியாது நைனா."

சுவர்க் கடிகாரம் ஒன்பதரை அடித்தது. காசிம் பாய் மெதுவாகக் கையை நீட்டித் தன் கூண்டிலிருந்த பித்தளைப் பொத்தானை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அரிசி டின்மேல் இருந்த நைனாவின் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அடிக்கு மட்டுமே அழப் பழகிய எனக்கு, யாரும் தொடாமலே அழுகை வந்தது.

"அந்தத் தூணுக்குள்ள கீது" என்றேன்.

யாரும் நம்பவில்லை. நைனா தூணைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. தணிகாசலம் மாமா காலை முட்டுக்கொடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த நிலைமையிலும் பெருமையோடு சொன்னார்: "நான் பூசினதாச்சே, அவ்ளோ லேசுல வுடுமா? ரெண்டு நாளு காயட்டும், தன்னால வரும்."

"யோவ், ரெண்டு நாளுல கப்பலு கொழும்பு தாண்டிடும்யா!" என்றார் காசிம் பாய்.

படகு வேலைக்காக மாமா இடுப்பில் செருகியிருந்த உளியை நைனா உருவினார். மேஜையில் ஒரு கீறல் விழுந்தாலும் வேட்டி நுனியால் துடைத்துப் பார்க்கிற மனிதர், தூணின் நடுவில் உளியை வைத்து வீட்டுச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் தூண் பிளந்தது. பிசின் நூலிழுக்கப் புத்தகம் வந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு என் ரிப்போர்ட்டும் வந்தது.

காசிம் பாய் புத்தகத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு ஓடினார். ரிப்போர்ட்டை மாமா தலைகீழாகப் பிடித்து, கையெழுத்தை மட்டும் அடையாளம் கண்டு, "அண்ணே, உன்னுதுதானே இது? நீ போடறத்தவிட சோக்காக் கீதே!" என்றார். அதற்கப்புறம் நடந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டேன் என்பது போதும்.

பத்து மணிக்கு மில் சங்கு ஊதியபோது காசிம் பாய் போய்ச் சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியாது. நைனா ஆபீசுக்குப் போகவில்லை. மேஜையை மூடவும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் காசிம் பாய் வந்தார். நேராகப் போய்ப் பொத்தானை அதே கூண்டில் வைத்தார். பிறகு என் காதைத் திருகி, "கப்பலு கெடச்சிட்சிடா, பேமானி" என்றார். நைனா அப்போதுதான் எழுந்துபோய்ச் சோறு கேட்டார்.

இன்று அந்தச் சந்தில் குடிசைகள் இல்லை. படகுகள் எண்ணெய் கேட்காத ஃபைபருக்கு மாறிவிட்டன. அவரவர் காகிதம் அவரவர் செல்போனில் இருக்கிறது. பன்னிரண்டு கூண்டில் பதினொன்று காலி. காசிம் பாய் கடைசிவரை எடுத்துக்கொள்ளாத பொத்தான் மட்டும் பச்சைபிடித்துக் கிடக்கிறது. போன மாதம் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து மேஜையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார், பிளந்த தூணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அருமையான பீஸ் சார். இது மட்டும் முழுசா இருந்திருந்தா... எவன் சார் இதைக் கெடுத்தது?"

"நான்தான்" என்றேன். அன்றைக்கு அரைமணி நேரம் தொண்டையை விட்டு வராத வார்த்தை, இப்போது அவர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.