இனி ஒண்ணு கழுகு

அம்மாவின் பவுடர் டப்பா காணாமல் போன அன்றுதான் மாமா கார் செய்ய ஆரம்பித்திருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரிந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேலை தேடித் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்து, பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில், இருந்த ஒரே ஜமுக்காளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டவர். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் செய்கிறவர். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க ஆரம்பித்தாள்.

மாமா சாமியை நம்பவில்லை, எஸ்டேட் மேனேஜர் துரையின் காரை நம்பினார். பழைய கறுப்பு ஆஸ்டின் அது. துரைக்கு அதன்மேல் உயிர். அதை அச்சு அசலாகச் சின்னதாய்ச் செய்துகொடுத்தால் பங்களாவுக்குள் நுழைந்துவிடலாம் என்று மாமா நினைத்தார். கயிற்றால் காரை அளந்து வந்தார். நிஜக் காரின் ஒரு சாணுக்கு இதில் ஒரு விரல். தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு, பவுடர் டப்பாத் தகரத்தில் பானெட், தேய்ந்த ரப்பர் செருப்பில் டயர், பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் பம்பர். முன்விளக்குகள் அப்பாவின் சட்டைப் பித்தான்கள். அப்பா சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டு வந்து, பொங்கல் என்றைக்கு என்று விசாரித்தார்.

கார் முடிந்ததும் நானும் மாமாவும் அதைத் துரையின் டிரைவரிடம் காட்டப் போனோம். டிரைவர் கோட்டயத்துக்காரர், மலையாளம் தவிர வேறெதுவும் பேசமாட்டார். பசையும் மரத்தூளும் அப்பியிருந்த காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொள்ளாம்" என்று பாராட்டினார். பிறகு, "இனி ஒண்ணு கழுகு" என்றார்.

திரும்பும் வழியில் மாமா ரொம்ப நேரம் யோசித்தார். "இவ்வளவு செஞ்சும் கழுகு ஒண்ணு குறையுதாம்ல" என்றார்.

நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கழுகுன்னா அவுக பாஷைல கழுவுறது மாமா. காரைக் கழுவச் சொல்லுதாரு."

மாமா நின்றுவிட்டார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார்ட்டயும் சொல்லிராத பிள்ள" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவுவார் என்று பார்த்தால், கத்தியை எடுத்துக்கொண்டு கொய்யாக் கட்டையில் கழுகு செதுக்க உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. காரில் எல்லாம் அளவோடு இருக்க, பானெட் நுனியில் சிறகு விரித்த கழுகு மட்டும் எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் உட்கார்ந்திருந்தது. மரத்தூளைக்கூட மாமா தட்டவில்லை.

அம்மா, மாமா, நான் மூவரும் பங்களாவுக்குப் போனோம். துரை பம்பரைத் தடவினார், கதவைத் திறந்து மூடினார், விரலில் ஒட்டிய தூளைப் பார்த்தார். கடைசியில் கழுகுக்கு வந்தார். இந்த அளவுப்படி என் காரில் ஆட்டுக்குட்டி சைஸுக்கு ஒரு பறவை உட்கார வேண்டுமே, இது எதற்கு என்று கேட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மாமா கைகட்டிக்கொண்டு, பால் வடியும் முகத்தோடு சொன்னார். "டிரைவர்தான் தொரை சொன்னாரு. இனி ஒண்ணு கழுகுன்னு."

துரைக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டு, சேறு அப்பி நின்ற நிஜக் காரைக் காட்டி, ஊருக்கெல்லாம் சொல்கிறாயே, இதை யார் கழுகுவது என்று கேட்டார். தனக்கு இடுப்பு வலி என்றும், ஒரு கிளீனர் வேண்டுமென்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று என்றும் டிரைவர் முனகினார். துரை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையிலிருந்து மாமா கிளீனர்.

இறக்கத்தில் அம்மா அழுதுகொண்டே சிரித்து வந்தாள். நான் மட்டும் உர்ரென்று நடந்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் துரை முன்னால் இப்படி மானம் போயிருக்காதே என்று இருந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று மாமாவிடம் பொருமினேன்.

"நீ சொன்னதுனாலதான் பிள்ள, கழுகை அவ்வளவு பெருசா செஞ்சேன்" என்றார் மாமா.

இந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் மலையாளம் வராது என்று நான் முடிவுகட்டினேன்.