‘எல்லா ஊழியர்கள்’ குழுவில் இல்லாதவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். காதுபடவே சொல்வோம், கண்டுகொள்ளமாட்டார். தரைத்தளத்துக்கும் கீழே, ஏசி இரைச்சலுக்கு நடுவே சர்வர் அறையில் இருப்பார். யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள், எந்தக் குழுவுக்கு எந்த ஃபோல்டர் திறக்கும் என்பதெல்லாம் அவர் கையில். புதிதாக வந்தவரைச் சேர்ப்பார், போனவரை எடுப்பார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

பெயர் வந்த கதை இது. ஆரம்ப காலத்தில் ஒரு ஃபோல்டரை யாரும் தொடக்கூடாது என்று மேலதிகாரி சொல்ல, இவர் அதை ‘எல்லா ஊழியர்கள்’ குழுவுக்கே மூடிவிட்டார். அந்தக் குழுவில் தானும் ஓர் ஆள் என்பது நினைவில்லை. மனுஷன் தன்னையே வெளியே நிறுத்திப் பூட்டிக்கொண்டார்! திறப்பதற்குள் இரண்டு நாள் படாத பாடு பட்டார். பட்டது போதுமென்று அன்றே தன் பெயரை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் குழுவின் பேரில் பொதுவாக அனுப்பும் மெயில் எதுவும் அவருக்குப் போகாது. பிறந்தநாளோ கூட்டமோ, பதினொரு மணி டீக்குப் போகும்போது வரைபடப் பிரிவு அக்கா பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார். அவர் வாய்விட்டுப் பேசுவது அக்காவிடம் மட்டும்தான். வீட்டிலும் ஒற்றை ஆள்.

அக்காவின் மகளுக்கு வெளியூரில் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. அக்கா இரண்டு வாரம் விடுப்பில் போனார், அங்கிருந்தே வேலையை விட்டுவிட்டார். விடைபெற வெள்ளிக்கிழமை வருவதாக எல்லா ஊழியர்களுக்கும் மெயில் போட்டிருந்தார்.

வந்தார். பூட்டு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்கா யாரையும் உட்காரவிடவில்லை.

“கீழதானே இருக்காரு, வந்துருவாரு.”

“அவருக்குத் தலைக்கனம்க்கா” என்று நாங்கள் ஏற்றிவிட்டோம். ஒருத்தராவது படியிறங்கிக் கூப்பிட்டிருக்கலாம். ஐந்தரைக்கு அக்கா ரயிலுக்குக் கிளம்பும்போது முகம் சுண்டிப்போயிருந்தது. பூட்டுக்கென்று எடுத்துவைத்த கேக்கைத் தின்றவன் நான்தான்.

நான் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். திங்கள் காலை அக்காவின் கணக்கை மூடும் சீட்டோடு இறங்கிப்போனேன். அவர் படித்தார்.

“அக்கா பேரு எதுக்கு இதுல இருக்கு?”

“வேலைய விட்டுட்டாங்க சார். வெள்ளிக்கிழமை சொல்லிட்டுப் போக வந்தாங்களே, நீங்கதான் வரல.”

என் போனில் மெயிலைக் காட்டினேன். யாருக்கு அனுப்பியது என்ற வரியிலேயே அவர் கண் நின்றது. உடனே போனில் அக்காவைக் கூப்பிட்டார். அந்த அறை இரைச்சலுக்கு ஸ்பீக்கர் இல்லாமல் ஒன்றும் கேட்காது. குழந்தை அழுகை கேட்டது.

“எனக்கு மெயில் வரலீங்க.”

“எல்லாருக்கும்தானே போட்டேன். அந்தக் குழுவே உங்க கையிலதானே இருக்கு?”

“ஆமா. அதுல நான் இல்ல.”

“யாரு எடுத்தாங்க?”

“நான்தான்.”

“சரி, குழந்தைக்குப் பசி” என்று அக்கா போனை வைத்துவிட்டார். நம்பினாரோ இல்லையோ. நானாக இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

“நான் வேணா சொல்லவா சார்? ஒருத்தரும் உங்கள வந்து கூப்பிடல, அதையும் சொல்லிடறேன்.”

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது குழுக்களிலிருந்து அக்காவை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியாக ‘எல்லா ஊழியர்கள்’. நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் பட்டனை அழுத்தினார். பிறகு அதே குழுவில் தன் பெயரைச் சேர்த்தார்.

கீழே மூலையில் ஆள் கணக்கு தெரிந்தது: இருநூற்றுப் பதினான்கு. அக்காவை எடுப்பதற்கு முன் இருந்த அதே எண். மாடியில் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.