இறங்கித் தள்ளிய இரண்டு மேடுகள்

கேரளத்துப் பாறசாலையில் நான் கட்டி எழுப்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்; வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நான்கு கம்பும் ஓலையும் வைத்துத் தொடங்கிய சைக்கிள் கடை இன்று மாடி வைத்த கட்டடம். பாறையை உடைத்து ஒரு கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று சிரித்தவர்கள் இன்று கோடையில் அதில்தான் வாளி இறக்குகிறார்கள். ஒரு வீடு, அந்த வீட்டுக்கு லாரி வருமளவுக்கு நானே மண்வெட்டி பிடித்து அகலமாக்கிய பாதை, தனுவச்சபுரத்தில் படித்து வேலைக்குப் போன மூன்று பிள்ளைகள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இத்தனையும் செய்தவன் தினமும் காலையில் டீக்கடைக்குப் போய் நல்ல மலையாளத்தில் சாயா கேட்கிறேன். கடைக்காரர் தமிழில் பதில் சொல்கிறார்: “அண்ணாச்சிக்கு ஒரு சாயா, சீனி குறைச்சு.” அவர் பிறப்பதற்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவன் நான். திசையன்விளைப் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்களே, நீங்களும் குறைந்தவர்கள் அல்ல. நம் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்லில் என் பெயரைப் ‘பாறசாலை முத்தையா’ என்றுதானே வெட்டி வைத்தீர்கள்?

இப்போது எழுத உட்கார்ந்தது என் மருமகள் ரெஜினாவின் காரியத்துக்காக. இளைய மகன் செல்வம் விரும்பிக் கட்டிய பெண். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை, வயது நாற்பத்து மூன்று. கடலில் மீனாக நீந்துவாள். ஓடவும் ஓடுவாள். சைக்கிள் மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்புதான் பழகினாள். அவளுக்கு ட்ரயத்லான் ஆசை பிடித்தது. நீந்திக் கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி. புதிதாக வருகிறவர்களுக்கென்று இரண்டு இடத்தில் நடத்துவதாகச் செல்வம் போனில் கண்டுபிடித்தான். ஒன்று கடற்கரைச் சாலையில், சமதளம். மற்றொன்று ஆரியங்கோடு தாண்டி அம்பூரிப் பக்கம். குளத்தில் நீச்சல், ரப்பர் மலையில் சைக்கிள்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. போனிலேயே பாடம் சொல்லும் திருவனந்தபுரத்துக் கோச் ஒருவர், முதல்முறை போகிறவர்கள் மலைப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றாராம். ரெஜினாவின் அண்ணன் சேவியர் கடலிலிருந்து நேராக வந்தவன், கையில் மீன் பொதியோடு நின்றான்.

“கடலு கெடக்கும்போ மலை எதுக்கு மக்கா? சைக்கிள்ல இருந்து நீ விழுந்தா மாமா டியூப் ஒட்டுவாரு. உனக்கு யாரு ஒட்டுவா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “மலைக்கே போகட்டும்” என்றேன். சிரிப்பு நின்றது.

“மாமா, எனக்குக் கேற்றம் கண்டாலே பேடியாக்கும்” என்றாள் ரெஜினா. இங்கே மேட்டுக்குக் கேற்றம் என்றும் பயத்துக்குப் பேடி என்றும் பெயர்.

“அதனாலதாம்மா சொல்லுதேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டுமானால் நான் இந்த ஊருக்கு வந்த கதை தெரிய வேண்டும். எங்கள் ஊர் தேரி என்கிற செம்மணல், கண்ணுக்கெட்டிய வரை மட்டம். அங்கே சைக்கிளுக்கு எதிரி காற்று. எதிர்காற்று ஆளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இறங்கினாலும் அது விடாது, நாள் முழுவதும் ஓய்வு தராது. அப்படி வளர்ந்தவன் அலுமினியப் பாத்திரங்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆரியங்கோட்டு மலையில் விற்கப் போனேன். மிதித்தே ஏறிவிடுவேன் என்ற திமிர். முதல் மேட்டில் மூச்சு அறுந்தது. விடாமல் ஏறி, மறுபக்கம் இறங்கும்போது அடியில் இருந்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சட்டியும் பானையும் ரப்பர்த் தோட்டத்துக்குள் உருண்டன. ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் “பாண்டி வீணே!” என்று கத்திச் சிரித்தார்கள். பாண்டி விழுந்துவிட்டானாம். விழுந்ததைவிட, தமிழனை இளக்காரமாகச் சொல்லும் அந்த வார்த்தைதான் வலித்தது. தமிழன் இங்கே எத்தனை உயரம் ஏறினாலும் அந்தப் பெயர் கூடவே ஏறும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து பாத்திரங்களைப் பொறுக்கித் தந்தாள். “இங்க ஆரும் கேற்றத்துல மிதிக்க மாட்டாவ. எறங்கித் தள்ளணும்” என்றாள். அன்றைக்குத்தான் சுற்றிப் பார்த்தேன். சைக்கிளில் ரப்பர் ஷீட் கட்டியவர், பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார், எல்லோரும் மேட்டின் அடியில் இறங்கி, பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிப் போனார்கள். உச்சியில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு இறங்கினார்கள். மலைக்காரர்களுக்கு அது தோல்வி இல்லை, வழக்கம். மட்டமான சாலையில் ஒருவன் இறங்கி நின்றால் ஊரே பார்க்கும். மலையில் இறங்கித் தள்ளுகிறவனை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். பயந்த ஆளுக்கு இதைவிட நல்ல இடம் எது?

இதைச் சொன்னால் கோச்சுக்குப் புரியுமா? இரண்டு போட்டியின் விதிகளையும் செல்வத்தை வாசிக்கச் சொன்னேன். மூன்றே கேள்வி கேட்டேன். நடுவில் இறங்கித் தள்ளினால் ஆளை வெளியே அனுப்புவார்களா? கடைசியாக வருகிறவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? இறக்கத்தின் அடியில் வளைவு உண்டா? முதல் இரண்டுக்கும் விடை போனில் இருந்தது. தள்ளுவதற்குத் தடை இரண்டிலும் இல்லை. ஆனால் கடற்கரையில் நேரம் இறுக்கம், பஸ்ஸும் லாரியும் பக்கத்திலேயே ஓடும். மலையில் நேரம் தாராளம், ரோட்டையும் அடைத்துவிடுவார்கள். மூன்றாவதற்கு விடை எந்தப் போனிலும் இல்லை. எழுபத்தொரு வயதில் நானே போய் அந்த வழி முழுவதும் சைக்கிளில் சுற்றினேன். மேடு வந்த இடத்திலெல்லாம் வேண்டுமென்றே இறங்கித் தள்ளினேன். அப்படியும் அவர்கள் கொடுத்த நேரத்துக்குள் முடித்தேன். வளைவு ஒன்றுதான், அதுவும் அகலமானது. பிறகு அவளைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போய்க் காற்றில் மிதிக்க வைத்தேன். பாதியில் காலை ஊன்றி நின்று அழுதுவிட்டாள். “மலைக்கே போறேன் மாமா” என்றாள். அவளுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில், மேட்டில் மிதி லேசாகும்படி, பெரிய பல்சக்கரமாகப் பார்த்து மாற்றினேன். பிரேக் கட்டை புதிது. கோச் எந்த போல்ட்டையும் தொடவில்லை.

போட்டியன்று இரண்டாவது மேட்டில் நின்றேன். குளத்திலிருந்து முன்வரிசையில் கரையேறியவள் முதல் மேட்டில் பின்தங்கியிருந்தாள். அங்கே இறங்கித்தான் தள்ளினாளாம். என்னிடம் வந்து சேரும்போது முகம் சிவந்திருந்தது, சக்கரம் ஆடியது. சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். “எறங்கும்மா” என்றேன். இறங்கினாள். அவளுக்கு முன்னால் விலைகூடிய சைக்கிளில் மிதித்தே ஏறிய இரண்டு ஆண்கள் உச்சிக்கு முன்பே ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா அவர்களைக் கடந்து தள்ளிப் போனாள். உச்சியில் ஏறி உட்கார்ந்தாள். இறக்கத்தில் அவள் போன போக்கைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்தது; என் கடையைத் திறந்த அன்றுகூட அப்படி நிறையவில்லை. ஓட்டத்தையும் முடித்தாள், நேரம் மிச்சம் வைத்து.

அடுத்த ஞாயிறு பொழியூரில் பாராட்டுக் கூட்டம். வாசலில் பெரிய பிளெக்ஸ்: ‘இறங்காமல் மலையேறிய வீராங்கனை.’ கோச் படம், பாதிரியார் படம், செல்வம் படம், சேவியர் படம். என்னை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்கு ஒருவர் என்னைக் காட்டினார்: “செல்வத்துக்க அப்பா. பாண்டியாக்கும், சைக்கிள் கடை.” மேடையில் ரெஜினா பேசினாள். எல்லோரும் வேண்டாம் என்ற மலையைத் தானாகவே தேர்ந்தெடுத்ததாகவும், கோச் தைரியம் தந்ததாகவும் சொன்னாள். இறங்காமல் ஏறியது பற்றிப் பாதிரியார் புகழ்ந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள், மறுக்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். “ரெண்டு மேட்டுல எறங்கித் தள்ளுனியேம்மா, அதையும் சொல்லு” என்றேன்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. “எலே, அண்ணாச்சிக்குப் பொறாமையாக்கும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். செல்வம் என் கையைப் பிடித்து இழுத்து, “இரிங்கப்பா” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா என்னிடம் பேசியது ஒன்றுதான். “ஆளுவளுக்க முன்னால என்னைக் கொறச்சிட்டீங்க, மாமா.” இன்றுவரை சோறு வைக்கிறாள், வேறு பேச்சு இல்லை.

நான் குறைக்கவில்லை. அந்த இரண்டு மேடுகளில் அவள் இறங்கியது அவளுடைய குறை என்று இவர்கள் நினைக்கிறார்கள். அதுதான் இந்தக் காரியம் முழுவதையும் தாங்கிய தூண். அதை அழித்தால் அழிவது அவள் பெயரல்ல, என் பெயர். அங்கே இறங்கலாம் என்பதற்காகத்தானே அந்த வழியை எடுத்தேன்? அந்தப் படிப்பு எனக்குச் சும்மா வரவில்லை. பாத்திரமெல்லாம் உருள, ‘பாண்டி’ என்று கேட்டு வாங்கிய படிப்பு. பிறந்த மட்டமான ஊரில் காற்றையும் வந்த மலையில் மேட்டையும் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அந்தப் பிளெக்ஸ் இன்னும் கட்டியபடியே நிற்கிறது. அதில் கீழே ஓரமாக இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். மருமகளே, மகனே, கோச் சாரே, அங்கே எழுதுங்கள்: ‘இரண்டு மேட்டில் இறங்கித் தள்ளினாள். தள்ளலாம் என்று வழியைத் தேர்ந்தவன் முத்தையா.’ ஊர்ப்பெயர் எழுத மட்டும் கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் என் பெயரை எழுதியே ஆக வேண்டும்.