அவள் எழுத மறுத்த வரி

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் அகதிகளாய் வந்து சேர்ந்த நாட்டில், ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 'ஏன் டாக்டராக விரும்புகிறேன்' என்று எழுதுவதைத் திருத்திக் கொடுப்பேன். அங்கேதான் அவளைச் சந்தித்தேன். மெலிந்தவள். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டித்தான் வாசிப்பாள். முதியோர் இல்லத்தில் நடுங்கும் கைகளுக்கு நகம் வெட்டிவிட்டதை எழுதியிருந்தாள்.

"ஊரில ஷெல்லடியில உம்மட அப்பாவுக்குக் கால் போனதையும் எழுதும், பிள்ளை. உடன இடம் தருவினம்" என்றேன்.

விரல் நின்றது.

"குரோய்டன் இமிகிரேஷன் ஒஃபிஸில அதைச் சொல்லித்தான் விசா எடுத்தனாங்கள், அண்ணை. அண்டைக்கு அப்பா காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினவர். இன்னொருக்கா அவரைக் காட்ட வைக்க ஏலாது."

நகம் வெட்டிய கதையை மட்டுமே அனுப்பினாள். இடம் கிடைத்ததோ, தெரியாது. எனக்கு ஏதாவது வந்தால் நாடி பார்க்க அவளிடம்தான் கையை நீட்ட ஆசை.