ஏரிக்குப் போக நல்ல மாதம்

தூத்துக்குடியில் கொடைக்கானலுக்குக் காரில் போக நினைக்கிறவர்கள் முதலில் ஃபிராங்க்ளினுக்குப் போன் போடுவார்கள். அவர் வண்டியில் போகாதவர்களும் போடுவார்கள். சொந்தக் கார் வைத்திருக்கிற டாக்டர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சாகுபுரம் ரசாயன ஆலையிலிருந்து பேசும் என்ஜினியர், எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணாச்சி, ஏரியப் பாக்க எந்த மாசம் போலாம்?"

"பொங்கல் முடிஞ்சதுலருந்து மார்ச் பாதி வரைக்கும்," என்பார். "காலைல குளிரும். பத்து மணிக்கு மேல வெயிலு வந்துரும். ஏரி கண்ணாடி மாரி கெடக்கும். ரோட்டுல கூட்டம் இருக்காது."

"அப்ப பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கே?"

"மாசத்தத்தான் கேட்டிய. பிள்ளையளக் கேக்கலயே."

ஃபிராங்க்ளினுக்கு ஐம்பத்தாறு வயது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறார். மலைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைப்பார். தேதி, மழை, எந்த வளைவில் பனிமூட்டம், டோல்கேட்டில் எத்தனை நேரம் நின்றது, படகுக்கு எத்தனை நேரம் வரிசை. மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. நான்காவது ஓடுகிறது. அவர் சொல்லும் மாதம் யார் வாயிலிருந்தும் கேட்டதல்ல. இருபத்திரண்டு வருடம் கண்ணால் பார்த்து எழுதியது.

இந்த ஊரில் பயணத்துக்கு நாள் குறிக்க இப்படியொரு நோட்டைப் புரட்டுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் காலண்டர் தாளில் நல்ல நாள், நல்ல நேரம் பார்ப்பார்கள். இரும்புக்கடை மகாராஜன் ஒரு நவம்பரில் தன் காரில் குடும்பத்தோடு கிளம்பத் தயாரானார். வேண்டாம் என்று ஃபிராங்க்ளின் சொன்னார்.

"நாளு ரொம்ப விசேசமா இருக்குதுவே," என்றார் மகாராஜன்.

"நாளு இருக்கு அண்ணாச்சி. மேகம் காலண்டர் படிக்காதே."

கேட்கவில்லை. மலைப்பாதையில் டம் டம் பாறைக்கு மேலே மண் சரிந்து, ஏழு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய மகாராஜன் சொன்ன காரணம், கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரன் தும்மிவிட்டான் என்பது. மலையின் காலை வெட்டிக் கட்டடம் கட்டினால் மண் சரியும் என்று அந்த வண்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் மதங்களுக்குள் நல்ல ஒற்றுமை. கண்ணாடியில் மாதா படம் ஒட்டியாயிற்று, இனி பிரேக்கைப் பார்க்க வேண்டாம் என்று நம்புகிற சொந்தக்காரர்கள் ஃபிராங்க்ளினுக்கும் உண்டு.

அந்த நோட்டுகளை வரிசையாக வாசித்தால் வேறொன்றும் தெரியவரும். யார் எந்த மாதம் போகிறார்கள் என்பது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குடும்பங்கள். மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான் என்பதால் விசைப்படகுக்காரர்கள். நல்ல மாதமான பிப்ரவரியில், தன் லீவைத் தானே எழுதிக்கொள்ளக்கூடிய பெரிய அதிகாரிகளும் வேலையை முடித்து ஓய்வில் இருப்பவர்களும். மழை விழுந்து உப்பளம் மூடிய பிறகு, நவம்பரில், உப்பளத்துப் பெண்கள் வேன் பிடித்துப் போவார்கள். வருடத்தில் ஏரி கண்ணுக்கே தெரியாத நாட்களில் அவர்கள் ஏரி பார்க்கப் போவார்கள். பருவத்தை வானம் முடிவு செய்கிறது என்கிறோம். வானத்துக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை. லீவு கொடுக்கிறவன் முடிவு செய்கிறான்.

டிரைவருக்கு எந்த மாதமும் இல்லை. நூற்றுக்கணக்கான தடவை அந்த ஏரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்ட ஃபிராங்க்ளின் ஒரு தடவையும் படகில் ஏறியதில்லை. ஆட்களைப் படகுத்துறை வாசலில் இறக்கிவிட்டு, மேட்டில் இருக்கும் நிறுத்துமிடத்துக்கு வண்டியை ஏற்றுவார். அங்கிருந்து ஏரி தெரியாது. ஒரு சுவரும் வரிசையாக டூரிஸ்ட் வண்டிகளும் தெரியும். இருக்கையைச் சாய்த்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டுத் தூங்குவார். ராத்தங்கலும் அப்படியே. நாய்க்குட்டியோடு வருகிறவர்களுக்கு அறை உண்டு என்று பலகை வைத்த விடுதியில், வண்டி ஓட்டி வந்த மனிதனுக்குப் படுக்க இடம் கிடையாது. கழிவறைக்குப் போனால் வாட்ச்மேன் விரட்டுவான். எட்டு டிகிரி குளிரில் காருக்குள் சுருண்டு கிடக்கிறவனை நம்பித்தான் மறுநாள் குடும்பமே மலை இறங்குகிறது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஃபிராங்க்ளினின் மனைவி ஞானசௌந்தரி சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது மகள் ஷெர்லினுக்குப் பதினொரு வயது. பாளையங்கோட்டை கான்வென்ட் விடுதியில் சேர்த்தார். அவள் வீட்டுக்கு வருவது மே மாதம். அவர் வீட்டில் இல்லாத மாதமும் அதுதான். பக்கத்து வீட்டு எமில்டாவிடம் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை அப்பா வருவார், ஒரு பை நிறைய ப்ளம்ஸ் பழத்தைக் கையில் கொடுப்பார், தூங்கி எழுந்து மறுபடியும் கிளம்புவார்.

"எப்பா, என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

"இப்பப் போனா மனுசத் தலையத்தான் பாக்கலாம், ஏளா. பொங்கல் கழியட்டும். நல்லாப் பாக்கலாம்."

பொங்கல் கழிந்தால் பள்ளிக்கூடம். அவர் பொய் சொல்லவில்லை. நோட்டில் இருந்ததைச் சொன்னார். உண்மையை மட்டுமே சொல்லி ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் ஏமாற்ற முடியும்.

ஷெர்லின் நர்சிங் படித்தாள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருடம் ஊருக்கு வர முடியவில்லை. போன வருடம் அக்டோபரில் போனில் சொன்னாள்:

"லீவு தந்துட்டாவப்பா. நவம்பர் ஆறுலருந்து பதினெட்டு வர. இந்தத் தடவ என்னக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போற."

"நவம்பர்லயா? அது மழைலா. ரோடு நிக்காது. பிப்ரவரிக்கு மாத்திக் கேளு."

"ஆமா, நீ நோட்டப் பாத்துச் சொன்னேன்னு மேட்ரன்கிட்டச் சொல்லுதேன். உடனே மாத்தித் தந்துருவா."

அவள் வந்தாள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை வானத்தைப் பார்த்தார். மறுநாள் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. அதற்கு மறுநாள் மழை. "நாளைக்குப் பாப்போம்" என்றார். அந்த வாரம் முழுக்க அதையே சொன்னார். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். மகள் சமைத்தாள், எமில்டா வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள், வீட்டுப் பரணைத் துடைத்தாள். கேட்டதை மறுபடி கேட்கவில்லை. அதுதான் ஃபிராங்க்ளினுக்குப் பயமாக இருந்தது. லீவு முடிய இன்னும் இரண்டு மூன்று நாள். இதில் விட்டால் அடுத்த லீவு எப்போது, அதுவும் கல்யாணம் காட்சி என்று ஆன பிறகு எந்த ஊரில் என்று யாருக்குத் தெரியும்?

பதினைந்தாம் தேதி மத்தியானம் அவள் நோட்டுகளை எடுத்து வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மே பதினொண்ணு. கூட்டம். படகு வரிசை ரெண்டு மணி நேரம். ப்ளம்ஸ், ஷெ," என்று சத்தமாக வாசித்தாள். "மே பதினாலு. கூட்டம். ப்ளம்ஸ், ஷெ. மே பதினெட்டு..." நிறுத்திவிட்டு, "எப்பா, 'ஷெ'ன்னா நானா?" என்றாள்.

"மறந்துரக் கூடாதுல்லா. அதான்."

அவள் நோட்டை மூடினாள். "நாளைக்குப் போறோம். மழ பெஞ்சா மழையப் பாத்துட்டு வருவோம். மலைக்குப் போக இ-பாஸ் நான் எடுத்துட்டேன்."

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். வத்தலக்குண்டில் டீக்கடை முன்னால் நிறுத்தி, பின்னிருக்கை தெரியும் கண்ணாடியைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"டீ குடிக்கவங்க குடிச்சுட்டு வாங்க. பத்து நிமிசம்."

ஷெர்லின் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "எத்தன பேருப்பா வந்துருக்கோம்?"

அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி டாஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டினார். மலையில் போன் கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம். ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. பெருமாள்மலைக்கு முன்னால் மரம் விழுந்து ஒரு மணி நேரம் போனது. ஏரிக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு படுதா தொங்கியது.

படகுத்துறை வாசலில் நிறுத்தினார். "எறங்கிக்கோ. வண்டிய மேல விட்டுட்டு வாறேன்."

மேலே போனார். மழைக்காலம், மூன்றே வண்டிகள் நின்றன. சுவரோரம் வழக்கமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். கை தானாகவே இருக்கையின் பிடியைத் தேடிச் சாய்த்தது. கண்ணாடி ஒரு விரல் இறங்கியது. மூன்று மணிக்கு எழுந்த உடம்பு. இருபத்திரண்டு வருடம் அந்தச் சுவருக்கு முன்னால் என்ன செய்யப் பழகியதோ அதைச் செய்தது.

கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தார். வெளியே மகள் நனைந்து நின்றாள். மணி ஒன்று.

"என்னப்பா, ஒம்பது தடவ போன் அடிச்சேன். எடுக்கல."

படகுக்குக் கூப்பிடுகிற சவாரிக்காரர்களுக்குச் சொல்லும் பதில் அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "வண்டியப் பாக்கணும்லா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தது.

ஷெர்லின் கோபப்படவில்லை. முன்னிருக்கையில் ஏறித் துப்பட்டாவால் தலையைத் துடைத்தாள். நடந்ததைச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குப் பனி சட்டென்று விலகியது. வெயில்கூட அடித்தது. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தன. படகு விட்டார்கள். இரண்டு டிக்கெட் எடுத்தாள். அப்பா இதோ வந்துவிடுவார் என்று போன் போட்டபடி படிக்கட்டில் நின்றாள். இருபது நிமிடம் வெயில் இருந்தது. பிறகு மறுபடியும் மூடி, மழை வந்து, படகை நிறுத்திவிட்டார்கள்.

"நீ ஏறியிருக்கலாம்ல, ஏளா."

"ஒண்ணாப் போணும்னுதான வந்தேன்."

போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஏரி, வெயில், மரங்கள், கரையில் கட்டிய வெறும் படகுகள். அவர் நோட்டில் பிப்ரவரிப் பக்கங்களில் இருக்கும் ஏரி. படத்தில் மனிதர் ஒருவரும் இல்லை.

"மழ விடுதான்னு பாப்பமா? இருட்டுனாலும் பரவால்ல, நான் எறக்கிருவேன்," என்றார். மூன்று மணிக்கு முன்னால் மலை இறங்க வேண்டும் என்பதும் அவரே வைத்த சட்டம்தான். அதை மீற அவர் தயாராக இருந்தார்.

"வேண்டாம்ப்பா. நீ முழிச்சு ஓட்டணும். போலாம்."

இறங்கினார்கள். வத்தலக்குண்டு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். நனைந்த டிக்கெட் இரண்டும் அவர்களுக்கு நடுவில், கியர் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்தன.

பதினெட்டாம் தேதி விமான நிலையத்தில் அவர் வண்டியைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, மகளோடு வாசல்வரை நடந்தார். அதற்கு மேல் விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை தெரிந்தவரை நின்றார்.

மகளோடு போன பயணத்துக்கு நோட்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்: நவம்பர் 16. வெயில் இருபது நிமிடம். தூங்கிவிட்டேன்.

பொங்கல் கழிந்தது. பிப்ரவரியில் துறைமுகத்தில் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரியின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். அவர் வாக்கு தப்பவில்லை. பத்து மணிக்கு வெயில் வந்தது. வண்டியை மேட்டில் பூட்டிவிட்டு முதல் தடவையாகக் கரைக்கு இறங்கி நடந்தார். ஷெர்லினுக்கு வீடியோ கால் போட்டார். மணி அடித்து நின்றது. அவளுக்குப் பகல் டியூட்டி. ஏரியைப் படம் பிடித்து அனுப்பினார். படகு வாடகைக்கு விடும் ஆள், "எத்தன பேரு?" என்று கேட்டான். "நான் டிரைவர்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

சாயங்காலம் பதில் வந்தது. "சூப்பரா இருக்குப்பா. படத்துல நீ எங்க?"

மார்ச் தொடக்கத்தில் பாண்டித்துரை போன் போட்டார். பக்கத்துத் தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்.

"அண்ணாச்சி, குடும்பத்தோட கொடைக்கானல் போணும். ஏரியப் பாக்க எந்த மாசம் நல்லது?"

ஃபிராங்க்ளின் நோட்டைத் திறக்கவில்லை.

"வீட்டுல எல்லாருக்கும் சேந்தாப்புல எப்ப லீவு?" என்றார்.

"நான் சீசனக் கேக்கேன், நீரு லீவக் கேக்கீரு. பையன் சென்னைல இருக்கான், மருமவ பேங்குல. அதெல்லாம் யாரு கண்டா? நீரு மாசத்தச் சொல்லும்."

"அதக் கேட்டுட்டுப் போன் போடும். நோட்ட அப்பொறம் பாக்கேன்."

"என்னவே, ஒமக்கு மறந்து போச்சா?" என்று பாண்டித்துரை சிரித்தார்.

மறக்கவில்லை. ஷெர்லினுக்கு அடுத்த லீவு எந்த மாதம் என்று ஆஸ்பத்திரி இன்னும் சொல்லவில்லை.